மடித்த இடம் வரை

அவேலிமே,
6 ஏப்ரல் 2013

அன்புத் தங்கை அக்பேனேவுக்கு,

எழுந்தாயா? உடம்பு எழுந்ததா? உன்னோடு வேலை செய்கிறவர்கள் எழுந்தார்களா? இங்கே நான் எழுந்தேன், அஃபிவா அத்தை எழுந்தாள், அப்பாவும் எழுந்து மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ போன் செய்வாய், நான் எடுப்பேன். முதல் எழுத்தோடு நான் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் உன் பேலன்ஸ் தீர்ந்துவிடும். அதனால் வழக்கம்போலக் காகிதம்தான். வெள்ளிக்கிழமை தமாலே பஸ்ஸை யாவோதான் ஓட்டுகிறான். இதோடு புகை போட்ட மீனும் ஒரு பை மரவள்ளி மாவும் கொடுத்தனுப்புகிறேன். மீன் குறைந்திருந்தால் யாவோவைக் கேள்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வலது கை இன்னும் மடியில் அப்படியேதான் கிடக்கிறது. பேச்சும் நீ பார்த்துவிட்டுப் போனது போலத்தான். ஒரே ஒரு சொல். "யோ." சாப்பிடலாமா என்றால் யோ, தூங்கலாமா என்றால் யோ. ஊர்த் தலைவர் தோக்பேயின் சியாமியாக இருந்து, அவர் மீசைக்குள் முணுமுணுப்பதைக்கூட ஊர் முழுக்கக் கேட்கும்படி எடுத்துச் சொன்ன மனுஷன், இன்றைக்கு 'ஆகட்டும்' என்கிற ஒற்றைச் சொல்லில் காலம் தள்ளுகிறார். அத்தைக்கு ஒரே சந்தோஷம். "எங்கண்ணன் பொறந்ததிலேருந்து இவ்வளவு நல்லவனா இருந்ததே இல்லடா. எதுக்கும் மாட்டேன்னு சொல்றதில்ல" என்கிறாள். சமையலறைக்குப் புதுத் தகரம் போடவா என்று கேட்டு, யோ வாங்கிப் போட்டும்விட்டாள்.

தோக்பேயின் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். செப்டம்பரில் வள்ளிக்கிழங்குத் திருநாள். அதற்குள் சியாமியின் கோல் யார் கையில் என்று முடிவாக வேண்டும். அப்பாவுக்கு நாம் பேசுவது புரிகிறதா இல்லையா என்று கேட்கிறார்கள். நீ படித்த பேச்சு வைத்தியப் படிப்பே இதுதானே. ஒரு வரி எழுது.

குளிர் ஆகாது உனக்கு, போர்த்திக்கொண்டு தூங்கு.

உன் அண்ணன்,
சென்யோ

*

தமாலே,
17 ஏப்ரல் 2013

அன்பு அண்ணாவுக்கு,

நான் எழுந்தேன், நன்றாக எழுந்தேன். நீங்கள் எல்லோரும் எழுந்த செய்தி கிடைத்தது. இந்த ஊரில் குளிரா! மண்டை உருகுகிறது. மீன் குறையவில்லை, யாவோ நல்லவன்.

அப்பாவுக்குப் புரிகிறது. மார்ச்சில் வந்தபோது, "கண்ணாடி எங்கப்பா?" என்று கேட்டேன். இடது கையைத் தலையணைக்கு அடியில் விட்டு எடுத்து நீட்டினார். சபையில் அப்பாவுக்கு அடுத்து நிற்கிற க்ளுட்சே வந்து வழவழவென்று பேசிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நாம் சொல்வது அவருக்கு நன்றாகவே புரிகிறது அண்ணா, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 'யோ' வேறு சமாச்சாரம். பக்கவாதம் வந்தால் சிலருக்கு ஒரே ஒரு சொல் வாயில் தங்கிவிடும். மனசுக்குள் 'வேண்டாம்' என்றுதான் இருக்கும், வாயைத் திறந்தால் அதே சொல்தான் விழும். நீயே சோதித்துப் பார். 'இல்லை' என்று பதில் வரவேண்டிய கேள்வியாகக் கேள். உங்க பேர் க்ளுட்சேயா என்று கேள். அதற்கும் யோ என்றால், அந்த யோவை நம்பி யாரும் எதையும் முடிவு செய்யக்கூடாது, தகரம் உட்பட. என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுது. தண்ணீரை அப்படியே கொடுக்காதீர்கள், சோளக் கஞ்சி பதத்துக்குக் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள். கெட்டியில்லாத தண்ணீர் அவருக்கு நுரையீரலுக்குள் போய்விடும்.

இதெல்லாம் தங்கையாகச் சொல்வது. நான் இன்னும் உரிமம் இல்லாதவள். தற்காலிகப் பதிவு மட்டும்தான். இந்த ஒரு வருஷம் எனக்கு மேலே இருக்கிற ஓடார்ட்டே மேடம் கையெழுத்து இல்லாமல் எந்த நோயாளியைப் பற்றியும் நான் அபிப்பிராயம் சொல்லக்கூடாது. சொந்தக்காரரைப் பற்றி உரிமம் வந்த பிறகும் கூடாது. மேடம் இந்தப் பயிற்சி வருஷக் கடைசியில் கையெழுத்துப் போட்டால்தான் ஆகஸ்டில் கவுன்சில் தேர்வு, அதில் தேறினால்தான் என் பேருக்கு ஓர் எண். அதையும் வருஷா வருஷம் பயிற்சிக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். மேடம் சொல்வார்: "உரிமம் வாங்குறது பெரிசில்லம்மா. வாங்கினப்புறம் எங்க வாய மூடணும்னு தெரியணும். பேச்சு சொல்லிக்குடுக்குறவளுக்கு அதுதான் கஷ்டம்."

அதனால் இந்தக் கடிதம் உன்னோடு இருக்கட்டும். பெரியவர்கள் கேட்டால் ஹோ நகர ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கச் சொல்.

எல்லோருக்கும் என் கும்பிடு. அப்பாவின் நெற்றியில் ஒரு முத்தம் கொடு. யோ என்பார்.

அக்பேனே

*

அவேலிமே,
20 மே 2013

அன்புத் தங்கைக்கு,

எழுந்தாயா? நாங்கள் எழுந்தோம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பட்டறையில் வேலை. மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்து கேட் முழுக்க நான்தான் வெல்டிங் செய்கிறேன். அத்தையின் புதுத் தகரம் ஒழுகுகிறது. நான்தான் ஆணியைத் தப்பாக அடித்தேன் என்கிறாள். அப்பா கெட்டித் தண்ணீர் குடிக்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் தோக்பேயும் பெரியவர்களும் ஷ்னாப்ஸ் சாராயப் புட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். "தோட்சே, உன் கோலை உன் மகன் சென்யோ பிடிக்கலாமா?" என்று தோக்பேயே கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "யோ" என்றார். எல்லோர் காதிலும் விழுந்தது. க்ளுட்சேயின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பாவுக்கு அடுத்தவன் தான்தான் என்று சட்டைகூடத் தைத்து வைத்திருந்தான்.

திக்குவாயனுக்குச் சியாமிக் கோலா என்று நீ நினைப்பாய். ஊரும் நினைக்கிறது. இவன் வந்தவனுக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவன் ஊருக்குத் திரும்பிவிடுவான் என்று சின்ன வயதில் அப்பாவே சொன்னதுதான். ஆனால் உனக்குத் தெரியும், பாடினால் எனக்குத் திக்காது. தோக்பே சொன்னதைத் திருப்பிச் சொன்னாலும் திக்காது. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கோலைப் பிடித்துப் பழகிப் பார்த்தேன். அடுத்தவர் வார்த்தை என்றால் குழாய்த் தண்ணீர் மாதிரி வருகிறது. என் சொந்த வார்த்தைதான் தொண்டையில் நின்றுவிடுகிறது. சியாமிக்குச் சொந்த வார்த்தை எதற்கு, சொல்?

எனக்கு வேறு எதன்மேலும் இப்படி ஆசை வந்ததில்லை அக்பேனே. நீ சந்தோஷப்படுவாய் என்று நம்புகிறேன். யாவோவிடம் வெண்டைக்காய் வற்றல் கொடுத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
சென்யோ

*

தமாலே,
29 மே 2013

அண்ணா,

எழுந்தாயா. நான் எழுந்தேன்.

கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். தகரம் இருக்கிறது, கேட் இருக்கிறது, க்ளுட்சேயின் சட்டை இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாயா? உங்க பேர் க்ளுட்சேயா என்று அப்பாவைக் கேட்டாயா, இல்லையா?

தோக்பே உன் பேரைச் சொல்லிக் கேட்டார், யோ என்றார். க்ளுட்சேயின் பேரைச் சொல்லிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கோலை உடைத்து அடுப்பில் வைக்கவா என்று கேட்டிருந்தால்? அப்பாவுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாயா? உள்ளே என்ன சொல்ல நினைத்தாரோ, வெளியே வந்தது யோ. ஊரே தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறது. வாயில் வார்த்தை நிற்பது என்றால் என்ன என்று அந்த வீட்டில் உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

உனக்குக் கோல் கிடைக்கக்கூடாது என்று நான் நினைப்பதாக எண்ணாதே. ரொட்டிக்காரி கடையில் உனக்காக நான் பேசினேன், வகுப்பில் உனக்காக எழுந்து பதில் சொன்னேன். இந்தப் படிப்புக்கு ஏன் போனேன் என்று நேர்காணலில் கேட்டபோது உன் பேரைத்தான் சொன்னேன். அப்பா நிஜமாகவே உன்னைத்தான் சொன்னார் என்றால் இங்கிருந்து ஆடிக்கொண்டே வருவேன். கேட்டுப் பார்த்துவிட்டு உடனே எழுது.

அக்பேனே

*

அவேலிமே,
14 ஜூன் 2013

அக்பேனேவுக்கு,

எல்லோரும் எழுந்தோம்.

உனக்கும் நான் திக்குவாயன்தான் என்று தெரிந்துகொண்டேன். எனக்காகப் பேசினாய், சரி. பேசச் சொல்லி நான் கேட்டேனா? ரொட்டிக்காரி இன்னொரு நிமிஷம் பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். நீதான் முந்திக்கொண்டாய்.

தோக்பே கேட்டார், அப்பா சொன்னார், ஊர் கேட்டது. அப்பாவுக்கு நன்றாகப் புரிகிறது என்று எழுதியதும் நீதான். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். உன் தேர்வைப் பார்.

அப்பா சாப்பிடுகிறார். அத்தைக்கு மூட்டுவலி.

சென்யோ

*

தமாலே,
2 ஜூலை 2013

அண்ணா,

வீட்டில் எல்லோரும் எழுந்தீர்களா? அத்தையின் மூட்டுக்கு ஷியா வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சுடவைத்துத் தேய்க்கச் சொல்.

ரொட்டிக்காரி விஷயம் உண்மைதான். அதைப் பல நாள் யோசித்தேன். ஆனால் இன்றைக்கு வேறு ஒன்று.

கவுன்சிலில் இருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. புகார் கொடுத்தவன் க்ளுட்சேயின் மருமகன். அக்ராவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறானே, அவன். உரிமம் இல்லாத அக்பேனே தோட்சே என்பவள் தன் சொந்தத் தகப்பனைப் பற்றி 'நன்றாகவே புரிகிறது, சந்தேகமே இல்லை' என்று எழுத்தில் சான்று கொடுத்தாளாம். அது தோக்பேயின் சபையில் உரக்கப் படிக்கப்பட்டதாம். அதை நம்பித்தான் தோக்பே வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டாராம். மே மாதமே நடந்திருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எந்தக் கடிதம் என்று எனக்குத் தெரியும். அதன் அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியும். அதை யாரும் படிக்கவில்லையா? யார் படித்தது? எப்படி அங்கே போய் நின்றது?

29ஆம் தேதி அக்ராவில் விசாரணை. அதுவரை தேர்வு அனுமதி இல்லை. மேடமும் என் வருஷத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். "நீ எழுதுனியா?" என்றார். "வீட்டுக்கு எழுதினேன் மேடம்" என்றேன். "வீட்டுக்கு எழுதினா வீட்டோட நிக்கும்னு யாரு சொன்னா?" என்று கேட்டார். சந்தேகமே இல்லை என்று நான் எழுதியிருக்கக் கூடாதுதான். ஆசையில் எழுதினேன். தற்காலிகப் பதிவு ஆகஸ்டோடு முடிகிறது. தேர்வு எழுதாவிட்டால் இந்த ஒரு வருஷமும் வீண். பதிவையே ரத்து செய்தால் படித்த படிப்பு மொத்தமும் வீண்.

அது வீட்டுக் கடிதம், அண்ணனுக்கு எழுதியது, வெளியே காட்டாதே என்று அதிலேயே இருக்கிறது. இதை நீ ஒருவன்தான் கவுன்சிலுக்குச் சொல்ல முடியும். சொன்னால் உன் கோல் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். முழுக் கடிதமும் உன்னிடம்தான் இருக்கிறது.

அக்பேனே

*

தமாலே,
17 ஜூலை 2013

அண்ணா,

எழுந்தாயா?

உன் கையிலேயே கொடுத்தேன் என்று யாவோ சத்தியம் செய்கிறான். "படிச்சாரு, மடிச்சுப் பையில வெச்சாரு, மறுபடி முகமூடியப் போட்டுக்கிட்டு வெல்டிங் அடிக்கப் போயிட்டாரு" என்றான். நேற்று வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன். அத்தை எடுத்தாள். நீ பட்டறையில் என்றாள். பின்னால் உன் செருப்புச் சத்தம் கேட்டது.

இங்கே ஒரு குழந்தை, அண்ணா, பிளந்த அண்ணத்தைத் தைத்து ஆறு வாரம் ஆகிறது. முந்தாநாள் முதல் முறையாக 'பா' என்று சொன்னது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மொழியில் என்னவோ சொன்னாள். டக்பானியில் எனக்குத் தெரிந்தது வணக்கமும் 'விழுங்குங்க'வும்தான். ஆனால் புரிந்தது. அடுத்த மாதம் அந்தக் குழந்தையைத் தொட எனக்கு உரிமை இருக்காது.

திட்டியாவது எழுது. ஒரு வரி எழுது.

அக்பேனே

*

அவேலிமே,
25 ஜூலை 2013

மகளே அக்பேனே,

அத்தை சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதுகிறார். பிழை இருந்தால் அவருடையது.

எழுந்தியாடி? நாங்க எழுந்தோம், ஏதோ எழுந்தோம். உன் வெண்ணெ நல்லாருக்கு, முட்டி மடங்குது. இத எழுதப் போறேன்னு உங்கண்ணனுக்குத் தெரியாது, சொல்லிடாத.

நீ போன்ல அழுதியே, அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு எறங்கல. ஒன்னு சொல்றேன் கேளு. பெரியவங்க புட்டியோட வந்துட்டுப் போன மறுநா, வெள்ளாட்டுக்குத் தழ போட்டுக்கிட்டு நின்னேன். உங்கண்ணன் மாமரத்தடியில அப்பா முன்னால முட்டிக்கால் போட்டு உக்காந்திருக்கான். "உ... உங்க பேரு க்ளுட்சேயா?" ங்கறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்கண்ணன் "யோ" ங்கறாரு. "நீங்க பொ... பொம்பளையா?" ங்கறான். "யோ." "நான் செத்துப் போகட்டுமா?" ங்கறான். எங்கண்ணன் கண்ணுலேருந்து தண்ணி ஊத்துது, இடது கையால அவன் சட்டையப் புடிச்சு ஆட்டுறாரு, வாயி மட்டும் "யோ, யோ" ங்குது. அப்பத்தான்டி எனக்குப் புரிஞ்சுது, இத்தன நாளா அவருகிட்ட நான் வாங்குன யோவெல்லாம் என்ன யோன்னு. அந்தத் தகரத்த அண்ணாந்து பாக்கவே பிடிக்கல.

அது தெரிஞ்சும் உங்கண்ணன் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. புள்ள ஆசப்படுறானேன்னு விட்டுட்டேன். இப்ப ரெண்டு நாளா பட்டறை பூட்டிக் கெடக்கு. வெள்ளச் சட்டையத் தேச்சு வெக்கச் சொன்னான். எங்க போறான்னு தெரியல.

(கீழே உபதேசியாரின் சொந்த வரி: மகளே, சபையில் அந்தக் கடிதத்தைப் படித்தவன் நான்தான். சென்யோ என் கையில் கொடுத்தபோது தாள் மடிந்திருந்தது. மடித்த இடம் வரை படித்தேன். அதற்குக் கீழேயும் எழுத்து இருந்தது என்று எனக்குத் தெரியாது. கடவுள் என்னை மன்னிக்கட்டும்.)

உன் அத்தை,
அஃபிவா

*

தமாலே,
8 ஆகஸ்ட் 2013

அண்ணா,

எழுந்தாயா? அப்பா எழுந்தாரா? அத்தை எழுந்தாளா?

29ஆம் தேதி போனேன். சபையில் யாரோ போனில் பிடித்த படத்தைக் காட்டி, இது உன் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இந்த வரியை நீ எழுதினாயா என்றார்கள். ஆமாம் என்றேன். மீதிக் கடிதம் எங்கே என்றார்கள். என் அண்ணனிடம் என்றேன். அண்ணன் எங்கே என்றார்கள். வீட்டில் என்றேன். வெளியே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, டெக்கிமான் வருவதற்குள், உன்னை இனி அண்ணா என்று கூப்பிடப் போவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

நேற்று மேடம் கூப்பிட்டுவிட்டார். தேர்வுக்கு அனுமதி வந்துவிட்டது. ஓர் எச்சரிக்கையை மட்டும் என் பதிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். மேடமும் கையெழுத்துப் போட்டுவிட்டார். காரணம் கேட்டேன். "உங்கண்ணன் வந்துட்டுப் போனாராம். உனக்குச் சொல்லலியா?" என்றார்.

சொல்லவில்லையே அண்ணா. என்றைக்கு வந்தாய்? யாரிடம் பேசினாய்? எப்படிப் பேசினாய்?

22ஆம் தேதி தேர்வு. அதற்குள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எழுது.

உன் தங்கை,
அக்பேனே

*

அவேலிமே,
23 செப்டம்பர் 2013

அன்புத் தங்கை அக்பேனேவுக்கு,

எழுந்தாயா? உன் எண் எழுந்ததா? நீ தேறிய செய்தியை யாவோ பஸ்ஸை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுப் போனான். அத்தை தெருவில் ஆடினாள், புது முட்டியோடு. திருநாள் முடியட்டும் என்றுதான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். கோபம் இல்லையே?

நீ வந்து போன மறுநாள்தான் நான் கவுன்சிலுக்குப் போனேன். முந்தின நாளே அக்ராவுக்கு வந்துவிட்டேன். எதிர் நடைபாதையில் கேங்க்கிச் சோள உருண்டை விற்கிறவள் பக்கத்தில் நின்று, நீ உள்ளே போவதையும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதையும் பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன். உன் பேர் வரவில்லை. அது வருவதற்குள் நீ டிரோட்ரோ வண்டி ஏறிவிட்டாய்.

மறுநாள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேர் என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் எனக்கு எமன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். கழுத்து நரம்பு புடைத்தது. ஓரத்தில் இருந்த ஆள், "சா... சாமுவேலா?" என்று எடுத்துக்கொடுக்க வந்தார். நடுவில் இருந்த அம்மா அவரைக் கையமர்த்தினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மெதுவா சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். அவரும் உன் வேலை செய்கிறவர்தானாம்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். "கா... காகிதத்த நான்தான் ம... மடிச்சேன்" என்றேன். கடிதத்தை எடுத்து மடிப்பைக் காட்டினேன். அப்பாவிடம் கேட்ட கேள்விகளைச் சொன்னேன், அவர் என் சட்டையைப் பிடித்து ஆட்டியதையும் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அந்த அறையில் யாரும் என் வார்த்தையை எனக்காக முடித்துவைக்கவில்லை. என் ஆயுளில் அது முதல் தடவை. வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். கேங்க்கிக்காரி ஒரு உருண்டை சும்மா கொடுத்தாள்.

ஊருக்கு வந்து தோக்பேயின் சபையிலும் சொன்னேன். அங்கே யார் பொறுப்பார்கள்? நான் "ம... ம..." என்றால் ஒருவன் "மன்னிப்பா?" என்கிறான், ஒருவன் "மாடா?" என்கிறான். க்ளுட்சே எழுந்து, "பாத்தீங்களா, இவனா சியாமி! இவன் முடிக்கறதுக்குள்ள அடுத்த திருநாளே வந்துரும்!" என்றான். சபை சிரித்தது. நான் நிறுத்தவில்லை. சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தை உபதேசியார் மறுபடி வாங்கி, இந்த முறை கடைசி வரை படித்தார். அத்தையின் தகரமும் சபையேறிவிட்டது.

கோல் போய்விட்டது. திருநாளில் க்ளுட்சேதான் அந்தச் சட்டையோடு கோலைப் பிடித்து நின்றான். நன்றாகத்தான் பேசினான், பொய் சொல்வானேன். எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. பட்டறையில் சும்மா ஒரு கம்பியை எடுத்தால்கூடக் கை அதைக் கோல் மாதிரிதான் பிடிக்கிறது. உன்மேலும் கோபம் வந்தது, போய்விட்டது, நடுநடுவே மறுபடி வருகிறது. வந்தால் எழுதுகிறேன்.

அப்பாவை ஓடார்ட்டே மேடத்தின் சிநேகிதி ஒருவர் ஹோவில் பார்க்கிறார். உனக்கு உரிமை இல்லை என்று அவரே சொன்னார், சிரித்துக்கொண்டு. படங்களை வைத்துக் கையால் தொட்டுக்காட்டச் சொல்லித் தருகிறார். வேண்டாம் என்பதற்குச் சிவப்பு அட்டை. முதல் நாளே அத்தையின் வெண்டைக்காய்க் குழம்பு முன்னால் அப்பா சிவப்பு அட்டையைத் தூக்கினார். முப்பது வருஷமாக அவருக்குப் பிடிக்காதாம். அத்தை இன்னும் அவரோடு பேசவில்லை.

நீ கேட்பாய். ஆமாம், அட்டை இருக்கிறது. கோலை எனக்குக் கொடுக்க நினைத்தீர்களா என்று அதை வைத்தே கேட்கலாம். நான் கேட்கவில்லை.

திருநாள் முடிந்து எல்லோரும் போன பிறகு மாமரத்தடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அட்டைகள் உள்ளே பெட்டியில் இருந்தன, எடுக்கவில்லை. "நா... நான் செஞ்சது சரியாப்பா?" என்று கேட்டேன். நான் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தார். முன்பெல்லாம் அவர் பொறுத்ததே இல்லை. பிறகு இடது கையை என் முட்டிமேல் வைத்தார்.

"யோ" என்றார்.

அந்த யோவுக்கு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும், அக்பேனே. நீதான் சொல்லிக்கொடுத்தாய். ஆனாலும் இதை நான் வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் வா. வந்து நன்றாக எழு.

உன் அண்ணன்,
சென்யோ